வட சென்னை வெயில்ல மீன் தொட்டி தண்ணி சூடு ஏறி எறங்காம பாத்துக்கறது எப்படி

கொளத்தூர் கலர் மீன் கடைங்களுக்கு போனா தொட்டி வாங்குறோம், கல்லு வாங்குறோம், செடி, மோட்டார், லைட், தீனி, பின்னாடி ஒட்டுற நீல கலர் ஷீட்டு வரைக்கும் வாங்குறோம், தெர்மாமீட்டர் மட்டும் யாரும் வாங்க மாட்டேங்கறாங்க. அப்புறம் மே மாசம் வந்ததும் "மீன் திடீர்னு செத்துப்போச்சு, தண்ணி நல்லா தான இருந்துச்சு"ன்னு வருத்தப்படறாங்க. பாக்க கண்ணாடி மாதிரி இருக்கற தண்ணி மத்தியானம் 33, 34 டிகிரில இருக்கும், கைய விட்டு பாத்தா நமக்கு அது சூடாவே தெரியாது, ஏன்னா நம்ம ஒடம்பு 37. அதனால முதல் செலவு தெர்மாமீட்டர் தான். உள்ள ஒட்டுற கண்ணாடி தெர்மாமீட்டரே போதும், ஒயரோட வர்ற டிஜிட்டல் இருந்தா இன்னும் நல்லது. கண்ணாடிக்கு வெளிய ஒட்டுற கலர் ஸ்டிக்கர் ரூம் சூட்டையும் சேத்து காட்டும், அத நம்பாதீங்க. வாங்கினதும் ஒரு டம்ளர்ல ஐஸ் நெறைய போட்டு கொஞ்சம் தண்ணி ஊத்தி கலக்கி அதுல அஞ்சு நிமிஷம் வெச்சு பாருங்க, பூஜ்யம் கிட்ட காட்டணும். 2 டிகிரி தள்ளி காட்டுச்சுன்னா அந்த 2 டிகிரிய ஞாபகம் வெச்சு கழிச்சுக்கங்க, இல்ல மாத்திட்டு வந்துடுங்க.

ஒரு விஷயத்த முதல்லயே புரிஞ்சுக்கணும். பெரும்பாலான மீனுக்கு 26 ஆ 29 ஆங்கறது அவ்ளோ பெரிய பிரச்சன இல்ல, மெதுவா மாறினா பழகிக்கும், நம்ம ஊரு பண்ணைல வளந்த மீனுங்க நம்ம சூட்டுக்கு பழகினது தான். காலைல 27, சாயங்காலம் 33, மறுபடி ராத்திரி ஏசி போட்டதும் 26ன்னு ஒரே நாள்ல ஏறி எறங்குனா அத தான் தாங்காது. மீனுக்கு ஒடம்பு சூட்ட தானா வெச்சுக்கற வசதி கிடையாது, தண்ணி என்ன சூடோ ஒடம்பும் அதே சூடு, அதனால தண்ணி ஏறும்போது அதோட மூச்சு, செரிமானம் எல்லாமே வேகமாகும். ஒரு நாளைக்கு 2 டிகிரிக்குள்ள ஏறி எறங்குதுன்னா கவலப்படாதீங்க, 3, 4ன்னு போச்சுன்னா தான் கைய வெக்கணும்.

சூடு ஏறினா ஏன் சாகுதுன்னா, சூடான தண்ணில ஆக்ஸிஜன் கம்மியா தான் கரையும். 25 டிகிரில ஒரு லிட்டர்ல சுமாரா 8 மில்லிகிராமுக்கு மேல கரையும், 35 டிகிரில 7 மில்லிகிராம் கிட்ட தான். கொறஞ்சது கொஞ்சம் தான்னு தோணும், ஆனா அதே நேரத்துல மீனுக்கு தேவை ஏறிடுது, தீனி மிச்சம் அழுகறது வேகமாகுது, அதுவும் ஆக்ஸிஜன தான் தின்னும், மீன் கழிவுல இருந்து வர்ற அமோனியாவோட விஷமும் சூடு ஏற ஏற ஜாஸ்தியாகும். நாலு பக்கமும் ஒண்ணா அடிக்குது. மீன் எல்லாம் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுது, செவுள் படபடன்னு அடிக்குதுன்னா அது பசின்னு நெனச்சு இன்னும் ரெண்டு சிட்டிக தீனி போடறவங்கள பாத்திருக்கேன், தயவுசெஞ்சு போடாதீங்க, அது மூச்சு முட்டுது.

சரி, மொதல்ல ரெண்டு மூணு நாள் எதையும் மாத்தாம அளந்து மட்டும் பாருங்க. காலைல 6 மணி, சாயங்காலம் 4 மணி, ராத்திரி 9 மணி. அந்த ராத்திரி ரீடிங் முக்கியம், ஏன்னா மொட்டை மாடிக்கு கீழ இருக்கற வீட்டுல கான்க்ரீட்டு பகல் பூரா குடிச்ச சூட்ட ராத்திரி தான் உள்ள விடும், வெளிய காத்து வந்தாலும் ரூம் வெந்துகிட்டே இருக்கும், தொட்டி உச்சத்துக்கு போறது 8, 9 மணிக்கு தான். ஷீட் வீட்டுல அப்படி இல்ல, மத்தியானம் 2 மணிக்கே ஏறிடும், ராத்திரி சீக்கிரம் எறங்கிடும், ஏத்த எறக்கம் ஜாஸ்தி. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் மாதிரி கடல ஒட்டின எடத்துல மத்தியானமே கடக்காத்து வந்து கொஞ்சம் காப்பாத்தும், மாதவரம், கொளத்தூர், செங்குன்றம் பக்கம் அது வந்து சேர நேரமாகும், சில நாள் வராமயே போகும். அதனால அடுத்த தெருக்காரர் சொன்ன நம்பர வெச்சு நீங்க முடிவு பண்ணாதீங்க, உங்க வீட்டு தொட்டி எப்ப ஏறுது எப்ப எறங்குதுன்னு தெரிஞ்சா தான் எத எப்ப போடணும்னு தெரியும்.

அளந்தாச்சுன்னா அடுத்தது எடம், இதுக்கு காசே ஆகாது, ஆனா நான் பாத்த வரைக்கும் பாதி பிரச்சன இங்கயே முடிஞ்சிடும். மேக்கு செவுரு சாயங்கால வெயில வாங்கி வெச்சுக்கும், அத ஒட்டி தொட்டி வெக்காதீங்க, ஒரு நாள் சாயங்காலம் 5 மணிக்கு செவுத்துல உள்ளங்கைய வெச்சு பாருங்க, உங்களுக்கே தெரியும். ஃப்ரிட்ஜு பக்கத்துல வேணாம், அதோட பின்பக்கம் சூட்ட கக்கிக்கிட்டே இருக்கும். ஜன்னல் வெயில் நேரா விழற எடமும் வேணாம், சூடும் ஏறும் பாசியும் புடிக்கும். வீட்டுக்குள்ள கீழ் தளம், உள் ரூம், கிழக்கோ வடக்கோ பாத்த செவுரு இருந்தா அங்க போங்க. ஒரே ரூம் வீடுன்னா தரைக்கு பக்கத்துல, தாழ்வான ஸ்டாண்டுல வைங்க, ஷீட்டுக்கு கீழ மேல போக போக தான் கொதிக்கும், பரண் உயரத்துக்கும் தரைக்கும் எவ்ளோ வித்தியாசம்னு அங்க குடியிருக்கறவங்களுக்கு சொல்லித் தெரிய வேணாம்.

தொட்டி எவ்ளோ பெருசோ அவ்ளோ நல்லது. 2க்கு 1க்கு 1 அடி தொட்டில கல்லு எல்லாம் போக சுமாரா 50 லிட்டர் தண்ணி நிக்கும். மேசைல வெக்கற சின்ன பவுல்ல 3 லிட்டர் இருந்தா அது ரூம் கூடவே ஏறும், ரூம் கூடவே எறங்கும், அதுல கோல்டு ஃபிஷ் போடறது பாவம். கோல்டு ஃபிஷ்ஷே குளிர் தண்ணி மீன், 18ல இருந்து 24 வரைக்கும் தான் அதுக்கு சொகம், நம்ம ஊருல சில்லர்ங்கற தண்ணி குளுத்தற மெஷின் இல்லாம அத குடுக்க முடியாது, வெக்கறதா இருந்தா அகலமான தொட்டி, கம்மி மீன், நல்ல காத்து, இத மூணையும் குடுங்க. நியான் டெட்ராவும் அப்படி தான், மேல் மாடி வீட்டுக்கு அது வேணாம்ங்கறது என் கருத்து. கப்பி, மோலி, கௌராமி, ஏஞ்சல், ஃபைட்டர் இதெல்லாம் நம்ம வெயிலுக்கு தாங்கும். ஃபைட்டரும் கௌராமியும் மேல வந்து நேரா காத்தையே குடிக்கும், அதுக்குன்னு தலைல தனி உறுப்பே இருக்கு. டிஸ்கஸ் மீனுக்கு 28ல இருந்து 30 தான் புடிக்கும், ஆனா தண்ணி சுத்தம் ரொம்ப கேக்கும்.

இப்ப தொட்டிக்குள்ளயே சூட்ட உண்டாக்கறது என்னன்னு பாருங்க. தண்ணிக்குள்ள முழுகி ஓடற மோட்டார் எத்தன வாட்டோ அத்தனையும் கடைசில தண்ணில சூடா தான் போய் சேரும். 50 லிட்டர் தொட்டில 35 வாட் பவர் ஃபில்டர் நாள் பூரா ஓடுதுன்னா நீங்க மே மாசத்துல ஒரு குட்டி ஹீட்டர் போட்டு வெச்சிருக்கீங்கன்னு அர்த்தம். அதுக்கு பதிலா ஏர் பம்ப்புல ஓடற ஸ்பாஞ்ச் ஃபில்டர் போடுங்க, பம்ப் வெளிய இருக்கும், தண்ணிய சுத்தமும் பண்ணும், மேல்பரப்ப கலக்கி ஆக்ஸிஜனும் ஏத்தும், கரண்ட் போனாலும் பேட்டரில ஓட்டலாம். லைட்டு பழைய டியூப்பா இருந்தா எல்இடிக்கு மாத்துங்க, கோடைல மத்தியானம் அணைச்சு வெச்சு சாயங்காலம் 6 மணிக்கு மேல போடுங்க. மரப்பெட்டி மாதிரி மூடி, அந்த ஹூட்டு, பாக்க அழகா இருக்கும், ஆனா சூட்ட வெளிய விடாது. கோடைக்கு அத கழட்டிட்டு கொசு வலைய ஃப்ரேம்ல இழுத்து கட்டி மூடுங்க. வலை கண்டிப்பா வேணும், ஃபைட்டர் குதிக்கும், மேல இருந்து பல்லி விழும்.

அடுத்தது ஃபேன், இந்த ஊருக்கு இத விட மலிவான நல்ல வழி எனக்கு தெரியல. ஒரு லிட்டர் தண்ணி ஆவியாகி போகும்போது ஏறக்குறைய 580 கிலோ கலோரி சூட்ட எடுத்துக்கிட்டு போகும், ஒரு கிலோ ஐஸ் உருகறதுக்கு எடுத்துக்கறது 80 தான், அப்ப பாத்துக்கங்க. மண்பானை தண்ணி ஜில்லுன்னு இருக்கறதும் இதே கணக்குல தான். பழைய கம்ப்யூட்டர் ஃபேன், 12 வோல்ட், அத பழைய அடாப்டர்ல ஜாய்ண்ட் பண்ணி தொட்டி ஓரத்துல சாய்வா கட்டுங்க, காத்து தண்ணி மேல படணும், தண்ணி மேல சின்ன சின்ன அலை ஓடணும். வலை மேலயே அடிச்சா போதும், வலை வழியா காத்து போகும். இத வெச்சு 2ல இருந்து 3 டிகிரி எறங்கும், காய்ஞ்ச காத்து அடிக்கற நாள்ல 4 கூட எறங்கும். கத்திரி வெயில்ல காலைல இருந்து மேக்கு காத்து வறண்டு வீசும்ல, அப்ப தான் ஃபேன் நல்லா வேலை செய்யும், புழுக்கமான ராத்திரில கம்மியா தான் எறங்கும். வெறும் சீலிங் ஃபேனு கூட மூடிய எடுத்துட்டா கொஞ்சம் உதவும்.

ஃபேன் போட்டா தண்ணி கொறையும், 2 அடி தொட்டில ஒரு நாளைக்கு அரை லிட்டர் வரைக்கும் கொறையலாம், காத்து வேகமா அடிச்சா இன்னும் ஜாஸ்தி. இங்க ஒரு விஷயம் கவனிங்க, ஆவியா போறது தண்ணி மட்டும் தான், உப்பு அப்படியே உள்ளயே நிக்கும். தண்டையார்பேட்டை, எண்ணூர் பக்கம் போர் தண்ணி ஏற்கனவே உப்பு, கொறஞ்சதுக்கு அதே போர் தண்ணிய ஊத்திக்கிட்டே இருந்தீங்கன்னா மாசக்கணக்குல உப்பு ஏறிக்கிட்டே போகும், கண்ணாடில வெள்ளை கோடு கட்டும். கொறஞ்சத நெரப்ப மட்டும் ஆர்ஓ தண்ணியோ கேன் தண்ணியோ ஊத்துங்க, வாரா வாரம் மாத்தற தண்ணி வழக்கமான தண்ணியாவே இருக்கட்டும்.

ஃபேன ஞாபகமா போட்டு அணைக்க முடியாதவங்க, வேலைக்கு போறவங்க, எஸ்டிசி 1000னு ஒரு டெம்பரேச்சர் கன்ட்ரோலர் கெடைக்கும், அத வாங்கி மாட்டலாம். அதுல தண்ணிக்குள்ள விடற சென்சார் ஒண்ணு, ஃபேனுக்கு ஒரு லைன், ஹீட்டருக்கு ஒரு லைன். 28.5 செட் பண்ணி 1 டிகிரி வித்தியாசம் வெச்சா 29.5 தொட்டதும் ஃபேன் தானா ஓடும், 28.5 வந்ததும் நின்னுடும். ஒயரிங் தெரியலன்னா எலக்ட்ரீசியன கூப்டுங்க, தண்ணி பக்கத்துல 230 வோல்ட்டு வெளையாட்டு இல்ல. எல்லா ஒயரையும் ப்ளக்குக்கு கீழ கொஞ்சம் தொங்க விட்டு அப்புறம் மேல ஏத்தி சொருகுங்க, ஒயர் வழியா வர்ற தண்ணி அந்த தொங்கல்லயே சொட்டிடும், ப்ளக்குக்குள்ள போகாது.

ஐஸ் விஷயம். ஐஸ் கட்டிய நேரா தொட்டில கொட்டாதீங்க, குழாத்தண்ணி ஐஸ்னா குளோரினும் சேந்து போகும், கட்டி விழுந்த எடத்துல மீனுக்கு அதிர்ச்சி. பாட்டில்ல முக்கா அளவு தண்ணி புடிச்சு மூடி ஃப்ரீசர்ல வைங்க, வெளிப்பக்கம் கழுவிட்டு மெதக்க விடுங்க. கணக்கு இப்படி: 50 லிட்டர் தொட்டில ஒரு லிட்டர் ஐஸ் முழுசா உருகினா சுமாரா 2 டிகிரி எறங்கும், அரை லிட்டர்னா 1 டிகிரி. ஒரு மணி நேரத்துக்கு 1 டிகிரிக்கு மேல எறக்கக் கூடாது, அதனால அரை லிட்டர் பாட்டிலோட ஆரம்பிங்க, தெர்மாமீட்டர பாத்துக்கிட்டே இருங்க. ஆனா இது 33 தாண்டிடுச்சுன்னா மட்டும் பண்ற அவசர வைத்தியம், தெனமும் பண்ணா பாட்டில் உருகினதும் மறுபடி ஏறும், நாம எந்த ஏத்த எறக்கத்த நிறுத்தணும்னு பாக்கறோமோ அத நாமளே உண்டாக்கறோம்.

தண்ணி மாத்தறதுல தான் நெறைய மீன் போகுது, இத கொஞ்சம் நிதானமா படிங்க. மொட்டை மாடில கருப்பு சின்டெக்ஸ், மே மாசம் மத்தியானம் குழாய தொறந்தா கை வெக்க முடியாது, 40 டிகிரி சர்வசாதாரணம். 29 டிகிரில இருக்கற 50 லிட்டர் தொட்டில 15 லிட்டர் எடுத்துட்டு அந்த 40 டிகிரி தண்ணிய ஊத்தினா, கணக்கு போட்டு பாத்தா மொத்தமும் 32 தாண்டும், ரெண்டே நிமிஷத்துல 3 டிகிரி ஏத்தம். அதனால முந்தின நாள் சாயங்காலமே பக்கெட்லயோ ட்ரம்லயோ புடிச்சு தொட்டி இருக்கற ரூம்லயே வைங்க, ஆன்டி குளோரின் விட்டு, முடிஞ்சா காத்து குமிழி விடற ஏர் ஸ்டோன் ஒண்ணு போட்டு வைங்க, காலைல ரெண்டும் ஒரே சூட்டுக்கு வந்திருக்கும், 7 மணிக்குள்ள மாத்திடுங்க. மெட்ரோ வாட்டர் லாரி தண்ணில குளோரின் வாசனையே அடிக்கும், ஒரு ராத்திரி வெச்சுட்டா போயிடும்னு நம்பாம மருந்து போட்டுடுங்க. கோடைல ஒரே அடியா பாதி தண்ணி மாத்தாதீங்க, வாரம் ரெண்டு தடவ 15, 20 சதவீதம் மாத்துங்க. கீழ சம்ப்பு இருக்கற வீடுன்னா அந்த தண்ணி பெரும்பாலும் தொட்டி சூட்டுக்கு கிட்டயே இருக்கும், அது நல்ல வசதி.

புது மீன் வாங்கிட்டு வரும்போதும் இதே தான். கொளத்தூர்ல ஞாயித்துக்கெழம காலைல கூட்டத்தோட கூட்டமா வாங்கிட்டு, கவர வண்டி ஹேண்டில்ல மாட்டிக்கிட்டு மூலக்கடை சிக்னல்ல வெயில்ல நிக்கறது, இத பாத்தாலே எனக்கு பதறும். கவர்ல இருக்கறது ஒரு லிட்டர் கூட இல்லாத தண்ணி, பத்து நிமிஷத்துல ஏறிடும். நான் வழக்கமா வாங்கற கடை அண்ணன் கவர கட்டினதும் ரெண்டு பேப்பர் சுத்தி தருவாரு, "தம்பி, கால் நடுல வெச்சுக்க, மாட்டாத, வழில எங்கயும் டீ குடிக்க நிக்காத"ன்னு சொல்லி தான் அனுப்புவாரு. வீட்டுக்கு வந்ததும் தொட்டி லைட்ட அணைச்சுட்டு கவர பிரிக்காம 15, 20 நிமிஷம் மெதக்க விடுங்க, அப்புறம் கவர தொறந்து தொட்டி தண்ணிய ஒரு டம்ளர், கொஞ்ச நேரம் விட்டு இன்னொரு டம்ளர்னு விட்டு, மீன மட்டும் வலைல எடுத்து விடுங்க, கவர் தண்ணிய கொட்டிடுங்க.

ஏசி ரூம்ல தொட்டி இருக்கறவங்களுக்கு: ராத்திரி 10 மணிக்கு 22ல போட்டு காலைல அணைச்சுட்டு போனா சின்ன தொட்டிக்கு அது தெனம் ஒரு சீசன் மாறற மாதிரி. 26, 27ல வைங்க, முடியலன்னா தொட்டிய ஹாலுக்கு கொண்டு போயிடுங்க. ஹால்ல நிலையா 30 இருக்கறது, பெட்ரூம்ல 25க்கும் 32க்கும் அலையறத விட எவ்வளவோ மேல். சில்லர் பத்தி கேக்கறவங்களுக்கு, அது காஸ்ட்லி, தொட்டிய குளுத்துட்டு சூட்ட ரூம்லயே விடும், நெறைய செடி, எறா மாதிரி குளிர்ச்சி கண்டிப்பா வேணும்ங்கற தொட்டி வெச்சிருந்தா மட்டும் யோசிங்க.

மழை, மார்கழிக்கு வருவோம். நம்ம ஊரு குளிர் குளிரே இல்லன்னு நெனப்போம், ஆனா டிசம்பர், ஜனவரில விடியக்கால ரூம் 22, 23க்கு எறங்கும், சின்ன தொட்டியும் கிட்டத்தட்ட அங்கயே போகும், அப்ப தான் வெள்ளை புள்ளி நோய் வரும், ஒடம்பு பூரா உப்பு தூவின மாதிரி. ஹீட்டர் வாங்கும்போது கடைல பெருசா குடுப்பாங்க, வேணாம். நமக்கு தூக்க வேண்டியது 3, 4 டிகிரி தான், 50 லிட்டருக்கு 50 வாட் தாராளம். ஏன் சின்னதா சொல்றேன்னா, ஹீட்டர்ல சுவிட்ச் ஒட்டிக்கிட்டு நிக்காம ஓடறது உண்டு, 300 வாட் ஹீட்டர் அப்படி ஓடினா 50 லிட்டர் தண்ணி ஒரு மணி நேரத்துக்கு 5 டிகிரி ஏறும், நீங்க தூங்கி எழறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும். 50 வாட்னா மணிக்கு 1 டிகிரிக்கும் கீழ தான், காலைல பாத்து காப்பாத்திடலாம். 26ல செட் பண்ணுங்க, அதுல எழுதியிருக்கற நம்பர நம்பாம தெர்மாமீட்டர் என்ன சொல்லுதுன்னு பாத்து திருப்புங்க. ஃபில்டர் தண்ணி ஓடற பக்கம் வைங்க, சூடு ஒரே எடத்துல நிக்காது. தண்ணி மாத்த 20 நிமிஷம் முன்னாடியே ப்ளக்க புடுங்கிடுங்க, சூடா இருக்கற கண்ணாடி தண்ணிக்கு வெளிய வந்து பச்சத்தண்ணி பட்டா வெடிக்கும். பிப்ரவரி கடைசில கழட்டி வெச்சிடுங்க.

கடைசியா கரண்ட். 2016ல வர்தா புயல் அடிச்சப்ப நம்ம பக்கம் நாள்கணக்குல கரண்ட் இல்ல, 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வந்தப்பவும் வியாசர்பாடி, பெரம்பூர், கொளத்தூர்னு தண்ணி நின்னு ஈபி லைன நிறுத்தி வெச்சாங்க. அதுக்கு தயாரா ஒரு யூஎஸ்பி ஏர் பம்ப்பும் சார்ஜ் பண்ண பவர் பேங்கும் வீட்டுல இருக்கணும், இந்த ரெண்டும் சேந்தா ஒரு ராத்திரி தாராளமா ஓடும். அது இல்லன்னா ஒரு டம்ளர்ல தண்ணிய மொண்டு ஒரு அடி ஒசரத்துல இருந்து திரும்ப ஊத்துங்க, அரை மணிக்கு ஒரு தடவ அஞ்சு நிமிஷம். கரண்ட் இல்லாதப்ப தீனி போடாதீங்க, நல்லா இருக்கற பெரிய மீன் ரெண்டு மூணு நாள் சாப்பிடாம இருக்கும். மழைக்குளிர்ல ஹீட்டர் நின்னுடுச்சுன்னா தொட்டி மூணு பக்கமும் தெர்மாகோல் வெச்சு மேல போர்வை சுத்துங்க, மேல காத்து போக கொஞ்சம் எடம் விடுங்க. ரொம்ப எறங்குச்சுன்னா பாட்டில்ல சுடுதண்ணி புடிச்சு மூடி மெதக்க விடலாம், ஐஸ் பாட்டிலுக்கு சொன்ன மாதிரி தான், தெர்மாமீட்டர பாத்து மெதுவா. கரண்ட் வந்ததும் வெளிய மாட்டற ஃபில்டரோ கேனிஸ்டர்ங்கற டப்பா ஃபில்டரோ இருந்தா உடனே ஆன் பண்ணாதீங்க, பல மணி நேரம் நின்ன தண்ணி உள்ள அழுகி நாறும், அது அப்படியே தொட்டில எறங்கும். கழட்டி, அந்த தண்ணிய கீழ கொட்டி, உள்ள இருக்கற ஸ்பாஞ்ச தொட்டியில இருந்து எடுத்த தண்ணில அலசி, அப்புறம் மாட்டி ஓட விடுங்க.